வன்னியில் மாரிக்கு முன் வீட்டில் எதை முதலில் பார்க்க வேண்டும்?

கொழும்பில் வேலை செய்யும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அம்மா விசுவமடுப் பக்கம் தனியே இருக்கிறார். வீடு 2013 இல் இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டியது. அறைச் சுவரில் யன்னல் மூலையிலிருந்து மேல்நோக்கி ஒரு வெடிப்பு ஓடுகிறது, போன மாரிக்குப் பிறகு அது பெருத்துவிட்டது. "வீடு விழுந்துவிடுமா? அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிடவா? குளங்கள் உடைக்கும் என்றும் சொல்கிறார்களே" என்பது அவருடைய கேள்வி.

தம்பி, வெடிப்புக்குக் கட்டாயம் வருகிறேன். அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். நான் கட்டட வேலைகளை மேற்பார்வை செய்யும் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் ஏராளமான வீடுகளுக்குள் ஏறி இறங்கியிருக்கிறேன். ஒரு வீட்டில் ஒரு அம்மா இதே மாதிரி ஒரு வெடிப்பைக் காட்டினார். பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, வீட்டிலிருந்து கிணற்று மோட்டாருக்குப் போகும் வயர் குசினியின் தகரக் கூரை மேலாகக் கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. தகரத்தின் விளிம்பு வயரின் தோலை அரைவாசி தின்றுவிட்டது. அதே தகரத்தைத் தாங்கும் இரும்புக் கப்பில் உடுப்புக் காயவிடும் கொடி. அந்தச் சுவர் இன்னும் பத்து வருடம் நின்றிருக்கும். அந்த வயருக்கு அடுத்த மழை போதும். அந்த அம்மா நாள்தோறும் ஈர உடுப்போடு அந்தக் கொடியைப் பிடித்திருக்கிறார் என்று நினைக்க எனக்கு இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

ஆகவே அம்மாவின் வீட்டிலும் முதலில் கரண்டைப் பாருங்கள். மெயின் சுவிச்சுக்குப் பக்கத்தில் ட்ரிப் சுவிச் இருக்கும். 30 மில்லி அம்பியர் கசிந்தாலே விழ வேண்டும் என்று செய்யப்பட்ட கருவி அது. அதில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. மாதம் ஒருமுறை அதை அமத்தினால் டக் என்று விழ வேண்டும், விழாவிட்டால் உடனே மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் ட்ரிப் சுவிச் அடிக்கடி விழுகிறது என்று அதை விலக்கி, வயரை நேரே கொடுத்து வைத்திருக்கும் வீடுகளைக் கண்டிருக்கிறேன். எங்கேயோ சுவர் நனைந்து, அல்லது மோட்டாருக்குள் தண்ணீர் போய், கரண்ட் மண்ணுக்குள் இறங்குவதைத்தான் அது அப்படி விழுந்து விழுந்து சொல்கிறது. அதை விலக்கியபின் அந்தக் கசிவு ஒரு மனிதரின் உடம்புக்கூடாக இறங்கக் காத்திருக்கும்.

பொத்தான் வேலை செய்தாலும் எர்த், அதாவது கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் கம்பி, சரியென்று அர்த்தமில்லை, அது தனி. கோடையில் மணல்காணியில் எர்த் கம்பி அடித்த இடம் காய்ந்து போகும். உரிமம் உள்ள மின்னியலாளர் ஒருவர் கருவி வைத்து அளந்து பார்க்கட்டும். மோட்டாருக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் போகும் வயர்களை நிலத்தடியில் குழாய்க்குள் விடச் சொல்லுங்கள். பக்கத்துக் காணியில் பன்றிக்கு வீட்டுக் கரண்டை நேரே கொடுத்து வேலி கட்டியிருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். சட்டப்படி அது குற்றம், இருட்டில் மாடு தேடிப் போனவர்கள் அதில் மாண்டிருக்கிறார்கள். முறையான மின்வேலி துடிப்புத் துடிப்பாகத்தான் அதிர்ச்சி கொடுக்கும், ஆளைப் பிடித்து வைக்காது. 230 வோல்ற் வீட்டுக் கரண்ட் பிடித்தால் விடாது.

காற்றில் கம்பி அறுந்து கிடந்தால் பத்து மீற்றருக்குள் போக வேண்டாம். கரண்ட் முறைப்பாட்டுக்கான 1987 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லலாம். வெள்ளம் முற்றத்துக்கு வருகிறது என்றால், அது சுவரிலுள்ள பிளக்கைத் தொடுமுன் மெயினை நிறுத்த வேண்டும். தண்ணீருக்குள் நின்றுகொண்டு நிறுத்தப் போகக் கூடாது.

சரி, இனிச் சுவர்.

வடக்கு கிழக்கிலும் மலையகத்திலும் சேர்த்து 50,000 வீடுகள் என்ற அந்தத் திட்டத்தில், இங்கே பெரும்பாலான குடும்பங்களுக்கு ஐந்தரை லட்சம் ரூபாய் கட்டம் கட்டமாகக் கொடுத்து, தாங்களே கட்டச் சொன்னார்கள். சொந்தக் கையால் வீடு எழுப்பிய அந்தப் பெருமை பெரியது, குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே காலத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் எழுந்தபோது மேசன்மாருக்கும் மணலுக்கும் தட்டுப்பாடு வந்தது. சீமெந்துக்கல்லை வளவுக்குள்ளேயே அரிந்தார்கள். கல்லுக்குக் குறைந்தது ஒரு கிழமையாவது தண்ணீர் காட்ட வேண்டும். கோடையில் குடிக்கவே தண்ணீர் இல்லாத இடத்தில் கல்லுக்கு யார் ஊற்றுவது? இரண்டு நாளில் காய்ந்த கல்லைக் கட்டினார்கள், அது சாகும்வரை பலவீனமான கல்தான். கரையோரம் உப்பு மணலும் கலந்தது. அத்திவாரக் கிடங்கு சில இடங்களில் ஒரு முழம்கூட இறங்கவில்லை. இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. பத்துப் பன்னிரண்டு தகரத்தோடு காட்டுக்குள் இறக்கிவிடப்பட்ட சனம், கிடைத்த காசில் கிடைத்த நேரத்தில் கட்டியது. அந்த வீடுகள் எப்படிக் கட்டப்பட்டன என்பது தெரிந்தால்தான் எங்கே பார்க்க வேண்டும் என்பதும் தெரியும்.

அடுத்தது மண். முருங்கன், துணுக்காய்ப் பக்கத்துக் கருங்களிமண் மாரியில் ஊதும், கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். வீட்டின் ஒரு பக்கம் நனைந்து மறுபக்கம் காய்ந்தால் அத்திவாரம் ஒரு பக்கம் தூக்கும், ஒரு பக்கம் இறங்கும். சுவரில் பலவீனமான இடம் யன்னல் மூலையும் கதவு மூலையும்தான், வெடிப்பு அங்கிருந்து சாய்வாக ஓடும். ஆடி ஆவணியில் வளவுக்குள் கை நுழையும் அளவு நிலம் வெடிக்கிறதா என்று அம்மாவைக் கேளுங்கள். ஆம் என்றால் பாதிக் காரணம் தெரிந்துவிட்டது. மீதி பெரும்பாலும் கூரைத் தண்ணீர்தான். பீலி இல்லாத கூரையிலிருந்து மழைத்தண்ணீர் நேரே சுவரடியில் கொட்டி, அத்திவாரத்துக்குக் கீழே உள்ள மண்ணை வருடா வருடம் இளக்குகிறது.

வெடிப்பைப் படிப்பது பெரிய வித்தை இல்லை. பூச்சில் மயிரிழை போல வலை வலையாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. உள்ளேயும் வெளியேயும் ஒரே இடத்தில் தெரிந்தால் கல்லே பிளந்திருக்கிறது. ஒரு பென்சில் நுழையும் அளவு விரிந்திருந்தாலோ, வெடிப்பின் இரண்டு கரையும் மட்டம் மாறி ஒன்று முன்னுக்குத் தள்ளியிருந்தாலோ, கதவு திடீரெனப் பூட்டுப்படாமல் இறுகினாலோ, அந்த அறையில் அம்மா படுக்கக் கூடாது. இடைப்பட்ட நிலையில் இருந்தால் வெடிப்பின் இரு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். நடுவில் குறுக்கே விரலளவு சீமெந்துப் பசையைத் தடவி அதிலும் திகதி எழுதுங்கள். மாதம் ஒருமுறை அம்மா போனில் படம் எடுத்து அனுப்பட்டும். ஒரு மாரியும் கோடையும் கடந்தும் பசை பிளக்காமல் இருந்தால் சுவர் ஓய்ந்துவிட்டது, சும்மா பூசலாம். பிளந்தால் இன்னும் அசைகிறது. அசையும் சுவரின் வெடிப்பைச் சீமெந்தால் அடைத்து மேலே பெயின்ற் அடிப்பது காயத்தை மூடிக் கட்டிச் சீழ் பிடிக்க விடுவது போலத்தான்.

செலவு குறைந்த வைத்தியம் சுவருக்கு வெளியேதான் இருக்கிறது. கூரைக்குப் பீலி போட்டுத் தண்ணீரைத் தூரக் கொண்டுபோய் விடுங்கள். சுவரைச் சுற்றி மூன்றடி அகலத்துக்குக் கிறவல் இறுக்கி, வெளிப்பக்கம் சாய்வாகச் சீமெந்து போடுங்கள். சுவரடியில் வாழை, பூக்கன்று வைத்துத் தண்ணீர் ஊற்றுவதை அம்மா நிறுத்த வேண்டும். இதைச் சொல்வது கடினம் என்று தெரியும், வாழை நட இடம் தூரத்திலும் இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள்.

கொங்கிறீட்டில் பார்க்க வேண்டியது வேறு. யன்னல், கதவுக்கு மேலே போடும் லிண்டலின் அடியில், கொங்கிறீட் தட்டுக் கூரையான பிளாட்டின் அடியில், நீர்த்தாங்கித் தூணில் பழுப்புக் கறை தெரிகிறதா? கம்பியின் நீளத்துக்கு நேரே வெடிப்பு ஓடுகிறதா? கம்பி துருப்பிடித்தால் பருமன் இரண்டு மடங்குக்கும் மேல் கூடும், சுற்றியிருக்கும் கொங்கிறீட்டை உள்ளிருந்தே தள்ளி உடைக்கும். வன்னியில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போருக்கு முந்திய கட்டடங்களில் எறிகணைச் சிதறல் துளைத்த ஓட்டைகளைச் சீமெந்தால் அடைத்துப் பாவிக்கிறோம். வெளியே பார்க்க ஒழுங்காக இருக்கும், உள்ளே கம்பி அன்றே காற்றும் ஈரமும் கண்டுவிட்டது. பழைய பள்ளிக்கூடம், சனசமூக நிலையம், பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கட்டடம் எதிலாவது பூச்சு சோறு போல உதிர்ந்தால், அதன் கீழே பிள்ளைகளை இருத்த வேண்டாம். அதிபரிடமும் பிரதேச செயலகத்திலும் எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் போரில் சாய்ந்த பெரிய நீர்த்தாங்கி பல ஆண்டுகள் அப்படியே கிடந்தது, நாங்கள் எல்லோரும் அதைக் கடந்து போனோம். விழுந்து கிடப்பது கண்ணுக்குத் தெரியும். நிற்கிற தாங்கிகளின் காலை நிமிர்ந்து பார்ப்பவர்கள் குறைவு.

எனக்கு மிகவும் பயம் தருவது கூரை இல்லாமல் தனியே நிற்கும் பழைய சுவர்கள். உரிமையாளர் வெளிநாட்டில், வீடு பாழ், நாலு சுவர் மட்டும் நிற்கும். அதில் மாடு கட்டுவார்கள், அதன் நிழலில் பிள்ளைகள் விளையாடும். கூரையும் குறுக்குச் சுவரும் பிடித்திருந்த காலத்தில் அது பலமான சுவர். இப்போது அதை எதுவும் பிடிக்கவில்லை, மேலே திறந்த கல்லுக்குள் மழை இறங்கி அடியை ஊற வைக்கிறது. மூன்று நாள் அடைமழைக்குப் பிறகு, வெயில் எறிக்கும் நாலாம் நாளில்கூட விழும். அம்மாவின் வளவுக்குப் பக்கத்தில் அப்படி ஒன்று இருந்தால், சுவரின் உயரம் எவ்வளவோ அதைவிட அதிகத் தூரம் விலகி நடக்கச் சொல்லுங்கள். இடிப்பதற்குக் கிராம அலுவலரிடம் கேளுங்கள்.

கூரையைப் பற்றி அதிகம் இல்லை. கூரையைத் தாங்கும் மரச் சிலாகையில் கறையான் மண் ஏறியிருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். கூரை மரமான வளையும் சுவரும் கம்பியால் இறுகப் பிணைந்திருக்க வேண்டும், காற்று கூரையைக் கீழே தள்ளுவதில்லை, மேலே இழுக்கிறது. அஸ்பெஸ்ரஸ் சீற் உடைந்தால் அரியவோ கூட்டவோ வேண்டாம், நனைத்து முழுதாகக் கழற்ற வேண்டும்.

கிணற்றில் இரண்டு ஆபத்துண்டு. வெள்ளம் கட்டைத் தாண்டி உள்ளே போனால், மலசலகூடக் குழியில் இருந்ததும் மாட்டுக்கொட்டிலில் இருந்ததும் கிணற்றுக்குள்தான். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிக் குளோரின் போடும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், பல்லும் விளக்க வேண்டாம். குழிக்கும் கிணற்றுக்கும் குறைந்தது 50 அடி இடைவெளி இருக்க வேண்டும். வவுனியாவின் சில பகுதிகளில் புளோரைட்டும் கடினத்தன்மையும் கூடிய நிலத்தடி நீர் உண்டு, சிறுநீரக நோயும் அங்கே பலரை வதைக்கிறது. காய்ச்சினால் கிருமி சாகும், புளோரைட் போகாது, அதற்கு வடிகட்டி வேறு.

இரண்டாவது ஆபத்து கிணறு இறைத்துத் துப்பரவாக்கும்போது. தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட விடுகிறார்கள். அதன் புகையில் கார்பன் மொனொக்சைட் இருக்கிறது. மணமும் நிறமும் இல்லாத நஞ்சு அது, கிணறு ஒரு பாத்திரம் போல அதைப் பிடித்து வைத்திருக்கும். இறங்கியவர் மயங்கி விழுவார், தம்பி அல்லது மகன் தூக்கக் குதிப்பார், இரண்டு பேரும் போய்விடுவார்கள். விளக்கை இறக்கிப் பார்ப்பது இந்த நஞ்சைக் காட்டாது, அதை நம்பி இறங்க வேண்டாம். இயந்திரம் கிணற்றுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். இறங்குபவரின் இடுப்பில் கயிறு, மேலே இழுக்கக் குறைந்தது இரண்டு பேர். ஒருவர் உள்ளே விழுந்துவிட்டால் யாரும் பின்னால் இறங்கக் கூடாது, கயிறு கட்டியிருந்தால் மேலிருந்தே இழுங்கள், அம்புலன்ஸ் இலக்கமான 1990 க்கு அடியுங்கள். இதை ஊரில் நாலு பேருக்குச் சொல்லுங்கள், தயவுசெய்து.

குளம் உடைக்குமா என்ற கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் கிடையாது. 1986 ஏப்ரல் 20 அதிகாலை கந்தளாய்க் குளக்கட்டு உடைத்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அது மாரியும் இல்லை. கல்மடுக்குளம் 2009 சனவரியில் போரின் நடுவே தகர்க்கப்பட்டு வெள்ளம் கீழ்ப்பகுதி ஊர்களுக்குள் புகுந்தது, பிறகு மீளக் கட்டப்பட்டது. ஆனால் 2018 டிசம்பரில் கிளிநொச்சியில் ஊர்கள் மூழ்கியபோது அங்குள்ள பெரிய குளமான இரணைமடு உடைக்கவில்லை. ஒரே இரவில் கொட்டிய மழையும், திறந்த வான்கதவுகளால் கனகராயன் ஆற்றில் இறங்கிய தண்ணீரும் பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கத்தை நிரப்பின. 1920 இல் கட்டி முடித்து, அண்மைக் காலத்தில் 36 அடிக்கு உயர்த்திய குளம் அது. கட்டு பலமாக இருந்தாலும் கீழே இருப்பவருக்கு வெள்ளம் வரும் என்பதை அந்த இரவு காட்டியது. ஆகவே அம்மாவின் வீடு எந்தக் குளத்தின் வான், அதாவது நிரம்பி வழியும் தண்ணீர், பாயும் பாதையில் இருக்கிறது என்று தெரிந்து வைத்திருங்கள். ஊரில் வயதானவர்களைக் கேட்டால் கையை நீட்டிக் காட்டுவார்கள்.

பெரிய குளங்களை நீர்ப்பாசனத் திணைக்களம் பார்க்கும். சிறு குளங்கள் கமநல சேவை நிலையத்தின் கீழ், கமக்காரர் அமைப்பின் கையில். அங்கேதான் கண் குறைவு. குளக்கட்டின் வெளிப்பக்க அடியில் தெளிந்த தண்ணீர் கசிந்தால் அறிவித்துக் கவனியுங்கள். அது கலங்கலாக வந்தால் தண்ணீர் கட்டின் மண்ணைத் தின்றுகொண்டு வருகிறது என்று பொருள், அன்றே ஓடிப் போய்ச் சொல்ல வேண்டும். கட்டில் வளர்ந்த பெரிய மரத்தின் வேர், உடும்பு தோண்டிய வளை, உழவு இயந்திரம் ஏறிப் பள்ளமான இடம் எல்லாம் தண்ணீருக்கு வழி காட்டும். ஆற்று மணலைக் களவாக அள்ளுவதும் இதோடு சேர்ந்தது. மணல் போனால் ஆற்றின் அடி இறங்கும், பாலத்தின் கால் வெளியே தெரியும், அடுத்த வெள்ளத்தில் பாலம் சாயும்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பாலமும் வீதியும் கரண்டும் போனும் ஒரே நாளில் போனதைப் பார்த்தோம். நந்திக்கடலைக் கடக்கும் வட்டுவாகல் பாலம் ஒற்றை வாகனம் போகும் அளவு ஒடுங்கியது, மழை கூடினால் தண்ணீர் மேலால் பாயும். ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு விழுவதைக் கவனியுங்கள். கரண்ட் போனால் மோட்டார் ஓடாது, குடிக்கத் தண்ணீர் இல்லை. சில மணி நேரத்தில் போன் கோபுரத்தின் பற்றரியும் இறங்கும். 1990 க்கு அடிக்க முடியாது. அடித்தாலும் வீதி தண்ணீரைக் கடக்கும் தாழ்ந்த இடமான தாம்போதியில் தண்ணீர் பாய்ந்தால் அம்புலன்ஸ் வராது. அதனால் கிணற்றில் கப்பியும் வாளியும் கயிறும் எப்போதும் இருக்க வேண்டும். 2022 இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை கரண்ட் இல்லாதபோது கப்பி வைத்திருந்த வீடுகள்தான் தண்ணீர் கண்டன. அம்மாவுக்குப் பிரசர், சீனி மருந்து இருந்தால் ஐப்பசி முதல் இரண்டு கிழமைக்குரியது கையில் கூடுதலாக இருக்கட்டும். பாயும் தண்ணீர் முழங்காலுக்கு வந்தால் நல்ல பலசாலியையும் புரட்டும். தாம்போதியைக் கடக்கவே கூடாது, எவ்வளவு அவசரமானாலும்.

அத்திவாரத்தைத் திருத்த மண் வெட்டுவதானால் ஒரு எச்சரிக்கை. கண்ணிவெடி அகற்றிய காணியென்றாலும், ஆழத்தில் வெடிக்காத எறிகணை கிடக்கலாம், வெள்ளம் அரித்த இடத்தில் மேலே தெரியவும் கூடும். இரும்புத் துண்டு ஏதும் மண்வெட்டியில் பட்டால் நிறுத்தி, தொடாமல், பொலிஸுக்கு அறிவியுங்கள். வெட்டிய கிடங்குக்கு மேலே குப்பை கொளுத்தவும் வேண்டாம்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருவதா என்று கேட்டீர்கள். நீங்கள் எழுதிய அளவில், வெடிப்பின் அகலம் தெரியாமல் நான் முடிவு சொல்ல மாட்டேன். இந்த மாதமே ஒரு சனி ஞாயிறு போய், முதல் நாள் மின்னியலாளரைப் பிடியுங்கள், இரண்டாம் நாள் பீலியையும் சுவரடியையும் பாருங்கள். அந்த அறையிலிருந்து அம்மாவின் கட்டிலை இப்போதே முன் விறாந்தைப் பக்க அறைக்கு மாற்றிவிடுங்கள். வெடிப்புக்குப் பக்கத்தில் ஒரு அடிமட்டத்தைப் பிடித்து, உள்ளும் புறமும் இரண்டு படம் எடுத்து அனுப்புங்கள், எந்தப் பக்கம் கிழக்கு என்றும் எழுதுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.